பொறிவண்டைப் பொறிவண்டு தின்னுமா?

தோட்டத்துப் பூச்சிகள் பற்றி நம்மூர் ஆட்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கோப்பாய் அக்கா: லண்டனில் இருக்கும் தங்கச்சி வீட்டு ஜன்னல் சட்டத்தில் குளிர்காலம் தொடங்கினால் பொறிவண்டுகள் கும்பலாக ஒட்டிக் கிடக்கின்றனவாம். அங்கத்தைய பொறிவண்டுகளை இதுதான் அழிக்கிறது என்கிறாள். பொறிவண்டு நல்ல பூச்சிதானே?

பதில்: தங்கச்சி சொல்வது சரி. அது ஹார்லிகுயின் பொறிவண்டாக இருக்க வேண்டும். சொந்த இடம் கிழக்காசியா. செடியின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவனைத் (அசுவினி) தின்னட்டும் என்று ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கித்தான் விட்டார்கள். பிரித்தானியாவில் 2004இல் முதலில் கண்டார்கள்; பிறகு ஐந்தே வருடத்தில் அங்கத்தைய இருபுள்ளிப் பொறிவண்டு 44 சதவீதம் குறைந்துவிட்டது. பெல்ஜியத்தில் 30 சதவீதம்.

அழுக்கணவன் முடிந்ததும் இது மற்றப் பொறிவண்டுகளின் முட்டையையும் குடம்பியையும் (புழுப்பருவம்) தின்னத் தொடங்கிவிடும். சரி, அவை திருப்பி இதன் முட்டையைத் தின்னலாமே என்றால், அதற்குள் நஞ்சு. போதாததற்கு இதன் உடலில் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றும் இருக்கிறது. இதற்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை, மற்றப் பொறிவண்டுக்குள் போனால் கொல்லும். தங்கச்சியிடம் கையால் நசுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மஞ்சள் நீர் கக்கும், மணமும் கறையும் லேசில் போகாது.

இணுவில் தம்பி: எங்கள் பயிற்றையில் மஞ்சள் நிறத்தில், கறுப்பு நெளிகோடு போட்ட வண்டு நிற்கிறது. அதுவும் இந்த வகையா?

பதில்: இல்லைத் தம்பி, அது நம் நாட்டு ஆறுபுள்ளிப் பொறிவண்டு. அழுக்கணவனுக்காக வந்திருக்கிறது. மருந்தடிக்காமல் விடுங்கள்.

நீர்வேலி ஐயா: பப்பாசியில் வெண்மூட்டுப்பூச்சி (மாவுப்பூச்சி). அதற்குள் பெரிதாக, வெள்ளைத் தும்பு தொங்க ஒன்று ஓடித் திரிகிறது. தாய்ப்பூச்சியா?

பதில்: ஓடுகிறது என்றீர்களே, அதுதான் அடையாளம். வெண்மூட்டுப்பூச்சி அசைவதே அருமை. ஈர்க்கால் மெல்லத் தட்டிப் பாருங்கள். விறுவிறென்று நடந்தால் அநேகமாக அது பொறிவண்டுக் குடம்பி. இரையைப் போலவே மெழுகு போர்த்திக்கொண்டு, எறும்புக்குத் தப்பி உள்ளே இருந்து தின்னும். பாவம், கூடுதலாக நசுபடுவதும் அதுதான்.

பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. இலங்கைக்கு 2008இல் வந்தது. நம் பொறிவண்டுகளால் மட்டும் சமாளிக்க முடியவில்லை. 2009இல் சின்னக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி இந்தப் பூச்சிக்குள் மட்டுமே முட்டையிடும், வேறெதையும் தொடாது. ஹார்லிகுயினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அப்புறம், மரத்தில் எறும்பு ஏறாமல் பாருங்கள். வெண்மூட்டுப்பூச்சி விடும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும்.

சாவகச்சேரி அண்ணை: கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குவதும் பொறிவண்டுதானாமே?

பதில்: ஓம், அது இலை தின்னும் இனம். 28 புள்ளி, மினுக்கமில்லாத முதுகு, மேலே மெல்லிய மயிர். முட்டையிருக்கும் இலையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். இதற்காக எல்லாப் பொறிவண்டையும் பிடிக்க வேண்டாம்.

சுன்னாகம் தம்பி: வெளிநாட்டில் பொறிவண்டு பெட்டியில் விற்கிறார்கள். மாமா வரும்போது கொண்டுவரச் சொல்லட்டா?

பதில்: வேண்டவே வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் மாமாதான் மாட்டுவார். வேலியோரம் கொஞ்சம் பூச்செடி வையுங்கள், மருந்தைக் குறையுங்கள். உள்ளூர்ப் பொறிவண்டு தானாக வரும்.