கார் கிரீஸை சைக்கிளுக்குப் போடலாமா?

கேள்வி: கார் வீல் பேரிங்குக்கு வாங்கிய லித்தியம் கிரீஸ் அரை டப்பா மீதம் இருக்கிறது. என் கியர் சைக்கிளை நானே ஓவராயில் செய்யப் போகிறேன். அதையே போடலாமா, சைக்கிளுக்கென்று விற்கும் கிரீஸ்தான் வேண்டுமா? செயினுக்கும் தடவலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். வீல் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஹேண்டில் கப், பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டுகள் சுற்றும் அச்சு), பெடல், இந்த நான்குக்கும் அது போதும். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. 000 என்றால் எண்ணெய் போல ஓடும். 6 என்றால் சோப்புக்கட்டி மாதிரி. 2 என்பது வெண்ணெய்ப் பதம்.

லேபிளில் அதிக வெப்பம் தாங்கும் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனாலும் நிமிடத்துக்கு 200 சுற்றுதான். ஹப் சூடாக வழியே இல்லை. சைக்கிள் பேரிங்கைக் கெடுப்பது தண்ணீர். மழையில் நிறைய ஓட்டுகிறவர், பிரஷர் பம்ப்பில் கழுவுகிறவர் என்றால், அடுத்த முறை கால்சியம் சல்ஃபோனேட் வகை அல்லது படகுகளுக்கான மெரைன் கிரீஸ் வாங்குங்கள். தண்ணீர் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் கரைந்து போகாது.

எந்த கிரீஸ் என்பதைவிட, பழையதை முழுக்க எடுப்பதுதான் முக்கியம் என்பேன். உள்ளே ஏற்கெனவே பாலியூரியா என்ற வேறு வகை கிரீஸ் இருந்து, அதன்மேல் லித்தியம் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி வெளியே வழிந்துவிடலாம். கப் (பேரிங் குண்டுகள் உட்காரும் கிண்ணம்), கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு), பால்ரஸ் (அந்தக் குண்டுகள்) எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் போடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். கப் நிறைய வைத்து, பால்ரஸ் பாதி புதையும்படி அடுக்குங்கள். கோனை முடுக்கும்போது பிதுங்கி வருவதை வெளிப்பக்கம் மட்டும் துடைத்தால் போதும். ஓரத்தில் நிற்பது தூசியைத் தடுக்கும்.

செயினுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்மானம் நடப்பது, செயின் கண்ணிகளைக் கோக்கும் ‘பின்’னுக்கும் அதைச் சுற்றியுள்ள ரோலருக்கும் நடுவே. கெட்டியான கிரீஸ் அந்த இடுக்குக்குள் போகாது. வெளியிலேயே நின்று மண்ணைப் பிடித்து, அரைக்கிற பசை மாதிரி ஆகி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும். செயின் ஆயிலை ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, சற்று நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பின்சக்கர ஃப்ரீஹப்பிலும், அதாவது மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் பகுதியிலும், இந்த கிரீஸ் ஆபத்து. டிக் டிக் என்று சத்தம் போடுகிற சின்னக் கொக்கிகள் கெட்டி கிரீஸில் ஒட்டிக்கொண்டால், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சட்டென வழுக்கும். அந்த இடத்துக்கு மெல்லிய எண்ணெய், அல்லது தயாரிப்பாளர் சொல்லும் இளகிய கிரீஸ்.

பலரும் மறப்பது சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்தால், ஈரமும் வியர்வையும் சேர்ந்து அரித்து இரண்டும் இறுகிவிடும். அறுத்து எடுக்க வேண்டிய நிலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, லேசாக கிரீஸ் தடவினால் அந்த நிலை வராது. பெடல் மரைக்கும் அப்படியே. இடது பெடல் எதிர்த் திசையில் முடுக்குவது என்பதை மட்டும் மறக்காதீர்கள். போஸ்ட்டோ ஃப்ரேமோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது. அதற்குப் பொடி கலந்த கார்பன் பேஸ்ட் இருக்கிறது. அது வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் ரப்பர் சீல்கள் சில கிரீஸ்களில் ஊதிப்போகும், எனவே தயாரிப்பாளர் சொல்வதையே போடுங்கள். பிரேக் டிஸ்க், பேட், ரிம் பக்கம் கிரீஸ் பட்ட விரலைக்கூடக் கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, அந்த அரை டப்பா. மேலே எண்ணெய் கொஞ்சம் பிரிந்து நின்றால் பயப்பட வேண்டாம், சுத்தமான குச்சியால் கலக்கினால் சரியாகிவிடும். மூடாமல் கிடந்து தூசி விழுந்திருந்தால் மேல் அடுக்கை வழித்து எறிந்துவிட்டு, அடியில் இருப்பதை எடுங்கள்.