கண் டாக்டரே சொன்ன பிறகும் சந்தேகமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் தோழி ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறாள். பிரிட்டனைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவர் பீட்டர் கர்னி 1999-ல் எழுதியது. விழித்திரை திருப்பி வைத்தாற்போல் இருப்பது குறையே அல்ல, கண் கடவுளின் படைப்புதான் என்கிறார். "கண்ணுக்கே ஆபரேஷன் செய்கிறவர் சொல்வதை நம்பாமல் பாடப் புத்தகத்தை நம்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: முதலில், அவர் சொல்வதில் பாதி சரி என்று மகளிடம் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கின்றன. நரம்புச் செல்களைக் கடந்துதான் ஒளி அவற்றை எட்டுகிறது. இதை மட்டமான வடிவமைப்பு என்று பரிணாமத் தரப்பில் சிலர் கேலி செய்தார்கள். கர்னி அதற்குத்தான் பதில் எழுதினார். அந்தச் செல்களின் நுனியில் அடுக்கடுக்காக உள்ள தட்டுகள் நாள்தோறும் உதிர்ந்து, சுமார் 10 நாளில் முழுசாகப் புதுப்பிக்கப்படுகின்றன. உதிர்ந்ததை விழுங்க நிறமிப் படலமும், ஊட்டம் தர அதற்குப் பின்னாலுள்ள ரத்தக் குழாய்களும் பக்கத்திலேயே வேண்டும். திரும்பி நிற்பதால் அது கிடைக்கிறது. விழித்திரையிலுள்ள முல்லர் செல்கள் ஒளியிழை போல வெளிச்சத்தைக் கடத்துவதையும் 2007-ல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, கேலி செய்தவர்களின் வாதம் பலவீனமானது.

ஆனால் 'நன்றாக வேலை செய்கிறது' என்பதிலிருந்து 'அப்படியே படைக்கப்பட்டது' என்பதற்குத் தாவ முடியாது. இயற்கைத் தேர்வில் உருவான உறுப்பும் நன்றாகத்தான் வேலை செய்யும். கண் எப்படி வந்தது என்பதற்கான தடயத்தைக் கருவில் தேட வேண்டும். 4-வது வாரத்தில் மூளையாகப்போகும் குழாயின் இரு பக்கமும் குமிழ் போலப் புடைக்கிறது. அடுத்த வாரம் அந்தக் குமிழ் உள்வாங்கிக் கிண்ணமாகிறது. காற்றிறங்கிய ரப்பர் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் புரியும்: சுவர் இரட்டையாக மடியும். உள்சுவர் விழித்திரை, வெளிச்சுவர் நிறமிப் படலம். ஒளியுணர் செல்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி வளர்வதால்தான் வெளிச்சத்துக்கு முதுகு காட்டுகின்றன.

ஆக்டோபஸின் கண் தோல் மடிப்பிலிருந்து உருவாகிறது. அதன் ஒளியுணர் செல்கள் வெளிச்சத்தைப் பார்த்தே நிற்கின்றன. அதே கடலில் நீந்தும் மீனுக்கோ நம்மைப் போலத் திரும்பிய விழித்திரைதான். தேவையைப் பார்த்து அமைத்ததென்றால் ஒரே தண்ணீரில் வாழும் இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு? முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாம் ஒரு பக்கம், ஆக்டோபஸும் கணவாயும் மறுபக்கம். வம்சாவளிப்படிதான் பிரிந்திருக்கிறது.

கருவில் மடிந்த அந்த இரண்டு சுவர்களும் கடைசிவரை முழுதாக ஒட்டுவதில்லை. விழித்திரை கிழிந்தால் நீர் புகுந்து அதே இடைவெளியில்தான் பிரிகிறது. லேசராலும் வாயுக் குமிழாலும் கண் அறுவை மருத்துவர்கள் சரிசெய்யும் விழித்திரை விலகல் இதுதான். (கண்ணில் மின்னல் வெட்டுவது, திடீரென நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்தில் திரை விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.)

குருட்டுப் புள்ளியையும் மகள் நேரில் பார்க்கட்டும். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி 1 செ.மீ. அகலத்தில் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, 30 செ.மீ. தூரத்தில் தாளைப் பிடித்து, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்க வேண்டும். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் புள்ளி மறையும். கண் அசைந்து புள்ளியைத் தேடினால் மறையாது. பலர் தவறுவது இங்கேதான். நரம்பிழைகள் விழித்திரையின் முன்பக்கம் ஓடி, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடம்தான் குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்னாலிருந்தே கிளம்புவதால் அப்படி ஒரு புள்ளி கிடையாது.

பிறகு கட்டுரையை இரண்டு நிறப் பென்சிலோடு படிக்கச் சொல்லுங்கள். கண் எப்படி வேலை செய்கிறது என்று பேசும் வரிகளுக்கு நீலம். எப்படி உண்டானது என்று பேசும் வரிகளுக்குச் சிவப்பு. நீல வரிகளில் மருத்துவரின் அனுபவத்துக்கு முழு மதிப்புக் கொடுக்கட்டும். சிவப்பு வரி ஒவ்வொன்றிலும் கருவளர்ச்சியைப் பற்றியும் பிற உயிர்களின் கண்களைப் பற்றியும் என்ன ஆதாரம் தருகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வரட்டும்.