வெல்டிங் கேள்வி பதில்: வேலை பாக்கும்போது ஒண்ணும் தெரியாது, ராத்திரிதான் தெரியும்

ஆர்க் வெல்டிங் பாதுகாப்பு பத்தி வாசகர்கள் அனுப்புன கேள்விகளை எல்லாம் ஒண்ணா எடுத்து வெச்சு படிச்சப்போ ஒரு வரி திரும்பத் திரும்ப கண்ணுல பட்டுச்சு, "வேலை பாக்கும்போது ஒண்ணும் தெரியல". பிரச்சனையே அதுதான், அதனால இந்த தடவை முழுப் பக்கமும் வெல்டிங்குக்கே.

கேள்வி: அண்ணே, நான் பட்டறையில ஹெல்பரா சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வெல்டர் அண்ணன் டேக் அடிக்கும்போது, அதாவது அங்கங்க சின்னதா ஒட்டு வைக்கும்போது, பீஸை ஆடாம பிடிச்சுக்குறது என் வேலை. ஷீல்டு ஒண்ணுதான் இருக்கு, அது அவர்கிட்ட, நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். பகல் பூரா நல்லாத்தான் இருந்தேன், நடுராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், தண்ணியா கொட்டுது, லைட்டைப் பாக்க முடியல. கண்ணு போயிடுமா?

பதில்: தம்பி, பயப்படாதீங்க, பொதுவா இது ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். ஆர்க்ல, அதாவது ராடுக்கும் இரும்புக்கும் நடுவுல எரியுற மின்பொறியில இருந்து வர்ற வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர் நிறைய இருக்கு, அதை கருவிழியோட மேல்தோல்தான் உறிஞ்சிக்குது. அந்த செல்லுங்க உடனே சாகுறதில்ல, சில மணி நேரம் கழிச்சுத்தான் செத்து உரிய ஆரம்பிக்கும், அப்போ அடியில இருக்குற நரம்பு நுனி எல்லாம் வெளிய வந்துடும், அதான் வலி. பொதுவா 6ல இருந்து 12 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், அதனாலதான் மத்தியானம் வாங்குன ஃபிளாஷ் ராத்திரி தூக்கத்துல எழுப்புது.

இன்னொண்ணு, ஒவ்வொரு டேக்கும் அரை செகண்டுதானேன்னு நினைக்கிறோம், ஆனா அன்னைக்கு பூரா வாங்குன கதிர் எல்லாம் கூடிக்கிட்டே போகும். மூஞ்சியைத் திருப்புனாலும் பக்கவாட்டுல அடிக்கும், வெள்ளைச் சுவர்லயும் பளபளன்னு இருக்குற தகட்டுலயும் பட்டுத் திரும்பி வரும். பத்தடி தள்ளி நின்னு வேடிக்கை பாக்குற குழந்தைக்கும் இதே கதைதான், தூரமா இருந்தா குறையும், இல்லாம போயிடாது.

இப்போ செய்ய வேண்டியது: கண்ணைத் தேய்க்காதீங்க, இருட்டான ரூம்ல இருங்க, மூடுன இமை மேல சுத்தமான ஈரத்துணி வெச்சுக்குங்க, காலையில கண் டாக்டரைப் பாருங்க. யாரோ சொன்னாங்கன்னு எந்தச் சாறையும் கண்ணுல ஊத்தாதீங்க. மரத்துப் போற சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு, டாக்டர் டெஸ்ட் பண்ண ஒரு சொட்டு விடுவாங்க, விட்டவுடனே வலி பறந்துடும், அதைக் கேட்டு வாங்கி வீட்டுல வெச்சு திரும்பத் திரும்ப விடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, அது கருவிழி ஆறுறதைத் தடுக்கும், புண்ணாவே ஆக்கிடும். ஃபிளாஷ்னா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் எரியும். ஒத்தக் கண்ணு மட்டும் உறுத்துனா ஸ்லாக்கோ (வெல்டு மேல படியுற கசடு) கிரைண்டிங் துகளோ குத்திக்கிட்டு இருக்கலாம், இரும்புத் துகள்னா கருவிழியில துருவே பிடிக்கும், அதைத் தள்ளிப் போடக் கூடாது. பார்வைக்கு நடுவுல ஒரு மங்கலான புள்ளி விலகாமலே இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க, அது உள்ள விழித்திரை சமாச்சாரம்.

நாளைக்கு வேலைக்குப் போனா உங்க வெல்டர் அண்ணன்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. பீஸைப் பிடிக்க கிளாம்ப் இருக்கு, சி கிளாம்ப் இருக்கு, காந்தம் இருக்கு, மனுஷக் கை எதுக்கு? பிடிச்சே ஆகணும்னா பிடிக்கிறவனுக்கும் ஒரு ஷீல்டு. ஒரு பட்டறையில ஷீல்டு ஒண்ணுதான்னா அங்க ஒருத்தர் மட்டும்தான் ஆர்க் பக்கத்துல இருக்கணும், நான் இதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஷீல்டுல என்ன நம்பர் கண்ணாடி போடணும்? கேஸ் வெல்டிங் கண்ணாடி ஒண்ணு கையில இருக்கு, அது போதுமா? ஆர்க் பத்துனதும் தானா கறுக்குற ஆட்டோ டார்க் ஹெல்மெட்டை நம்பலாமா?

பதில்: ஷேடுன்னா கண்ணாடியோட கறுப்பு அளவு, நம்பர் கூடக் கூட கறுப்பும் கூடும். கேஸ் வெல்டிங் கண்ணாடி ஷேடு 5 பக்கம் இருக்கும், ஆர்க்குக்கு அது பத்தவே பத்தாது, முகத்தையும் மூடாது. ராடு வெல்டிங்ல 60 ஆம்ப்ஸ்ல இருந்து 160 வரைக்கும் ஷேடு 10, அதுக்கு மேல 250 வரைக்கும் 12ன்னு வெச்சுக்குங்க. முதல்ல இருட்டான கண்ணாடியில ஆரம்பிச்சு, உருகுற குட்டை தெளிவா தெரியற வரைக்கும் ஒவ்வொரு நம்பரா இறங்குங்க, பத்து வேணும்ங்கிற இடத்துல எட்டுக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க.

ஆட்டோ டார்க் நல்ல பொருள்தான். கறுக்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி ஃபிளாஷ் அடிச்சிடுமோன்னு பலபேருக்கு சந்தேகம், தரமான ஹெல்மெட்ல புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்குற ஃபில்டர் கண்ணாடியிலயே எப்பவும் இருக்கு, பேட்டரி செத்தாலும் அது இருக்கும். கண்ணு கூசாம இருக்கத்தான் அந்தக் கறுக்குறது. ஆனா முன்னாடி இருக்குற சென்சார் மேல ஸ்பேட்டர் (தெறிக்கிற உலோகத் துளி) ஒட்டியிருந்தாலோ, பைப்புக்குப் பின்னாடி ஆர்க் மறைஞ்சிருந்தாலோ கறுக்காம போகும், அப்போ நிறுத்துங்க, துடைங்க, பேட்டரி பாருங்க. ஷீல்டுக்குள்ள கண்ணுக்கு எப்பவும் ஒரு நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்குங்க, ஏன்னா ஸ்லாக் தட்டும்போது எல்லாரும் ஷீல்டைத் தூக்கிடுறோம், சூடான கசடு தெறிக்கிறது சரியா அந்த நேரத்துலதான்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் பண்ணா லென்ஸ் கருவிழியோட உருகி ஒட்டிக்கும்னு சொல்றாங்களே?

பதில்: கட்டுக்கதை. லென்ஸ் உருகுற அளவு சூடு வந்தா மூஞ்சியே மிஞ்சாது. ஷீல்டும் கண்ணாடியும் போட்டுக்குங்க, தூசு அதிகம் இருக்குற இடத்துல மட்டும் லென்ஸைத் தவிர்த்தா நல்லது.

கேள்வி: சார், வேர்த்துக் கொட்டும்போது ராடு மாத்துனா கையில சுர்ருன்னு ஏறுது. கூட வேலை பாக்குறவங்க "அது 80 வோல்ட்தான், ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் அடிக்கும்"னு சிரிக்கிறாங்க. நிஜமா ஒண்ணும் ஆகாதா?

பதில்: ஆகும். ஆள் செத்துருக்காங்க. இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இந்த ஒரு விஷயத்துலதான் தப்பான தைரியம் அதிகமா இருக்கு.

ஆர்க் ஓடிக்கிட்டு இருக்கும்போது ராடுக்கும் பீஸுக்கும் நடுவுல 20, 30 வோல்ட்தான் இருக்கும். ஆர்க் நின்னவுடனே அது 50ல இருந்து 80, 90 வரைக்கும் ஏறி நிக்கும். அதாவது வெல்டு வைக்கும்போது இருக்குறதை விட, சும்மா நிறுத்திட்டு ராடு மாத்துற அந்த நேரத்துலதான் வோல்டேஜ் அதிகம், நாம கிளவுஸைக் கழட்டுறதும் அப்பத்தான். காஞ்ச தோலுன்னா கரன்டை நல்லா தடுக்கும். வேர்வையில நனைஞ்ச உடம்புல தடை சுமாரா 1000 ஓம் வரைக்கும் இறங்கிடும், 80 வோல்டை அதால வகுத்துப் பாருங்க, 80 மில்லி ஆம்பியர். ஏசி கரன்ட்ல 10 மில்லி ஆம்பியர் தாண்டுனாலே விரல் இறுகிப் பிடிச்சுக்கும், விட முடியாது, 50ஐ ஒட்டி நெஞ்சு வழியா ஓடுனா இதயத் துடிப்பே தாறுமாறாகிடும். இத்தனை நாள் உங்களுக்கு சுர்ருன்னு மட்டும் போனது, கரன்ட் நெஞ்சு வழியா போகாததாலயோ தோல் முழுசா நனையாததாலயோதான் இருக்கும்.

இன்னொரு நம்பிக்கையையும் உடைச்சிடறேன். போர்டுல ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) இருக்கு, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்னு சொல்றாங்க. மெஷினுக்கு வர்ற லைன்ல கசிவு இருந்தா ட்ரிப் ஆகும், சரி, அதுக்காக அது கண்டிப்பா வேணும். ஆனா ராடைப் பிடிச்சிருக்குற ஹோல்டர் பக்கம் வர்ற கரன்ட் மெஷினுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி தனியா வர்றது, அங்க உங்களுக்கு ஷாக் அடிச்சா ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது.

அதனால உங்க ஹோல்டரை ஒருதடவை கையில எடுத்து உத்துப் பாருங்க. தாடையை மூடியிருக்குற ஃபைபர் தேஞ்சு, ஒரு மூலையில பித்தளை எட்டிப் பாக்குதா, அதுமேல இன்சுலேஷன் டேப் சுத்தி டேப்பும் கருகி இருக்கா? அப்படின்னா ஹோல்டரையே மாத்துங்க, டேப் அதுக்கு மருந்து இல்ல. ராடு மாத்தும்போது ரெண்டு கையிலயும் காஞ்ச தோல் கிளவுஸ் இருக்கணும், நனைஞ்சா மாத்திக்க இன்னொரு ஜோடி பக்கத்துல வெச்சுக்குங்க. ஹோல்டரை அக்குள்ல இடுக்குறது, கேபிளை தோள்ல சுத்திக்குறது, சூடாச்சுன்னு தண்ணியில முக்குறது, இந்த மூணும் வேணாம். ஈரத் தரையில முட்டி போட்டா பலகையோ ரப்பர் மேட்டோ கீழ போடுங்க. மழையில வெளிய வெல்டு வைக்காதீங்க.

டேங்க் மாதிரி சுத்தி இரும்பா இருக்குற இடத்துக்குள்ள போறதா இருந்தா ஏசி மெஷினே வேணாம், டிசி எடுங்க, அதுலயும் விஆர்டி வசதி இருக்குற மெஷினா பாருங்க, அது ஆர்க் இல்லாத நேரத்துல வோல்டேஜைத் தானா இறக்கி வெச்சிடும். வெளிய ஒருத்தர் சுவிட்ச் பக்கத்துலயே நிக்கணும். யாராவது கரன்ட்ல ஒட்டிக்கிட்டா ஓடிப்போய் தொடாதீங்க, முதல்ல சுவிட்சை அணைங்க, மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சு ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. எழுந்து நல்லாத்தான் பேசுறாருன்னாலும் ஆஸ்பத்திரியில இசிஜி எடுத்துடுங்க.

கரன்ட் மெஷினுக்குத் திரும்பிப் போற எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே, பெயின்டைச் சுரண்டிட்டு பீஸ் மேலயே மாட்டுங்க. தூரத்துல எங்கயோ மாட்டுனா கரன்ட் பேரிங் வழியாவும் செயின் வழியாவும் சுத்தி வரும், அதெல்லாம் கெட்டுப் போகும், சில சமயம் அந்த வழியில நீங்களே நிப்பீங்க.

கேள்வி: ஜி.ஐ. பைப் வெல்டு வெச்ச அன்னைக்கு சாயங்காலமா குளிர் காய்ச்சல் வருது, வாயெல்லாம் இரும்பு ருசி, மறுநாள் சரியாயிடுது. பால் குடிச்சா வராதுன்னு சொல்றாங்க, குடிச்சும் வருது.

பதில்: பால் வயித்துக்குப் போகுது, புகை நுரையீரலுக்குப் போகுது, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஜி.ஐ. மேல இருக்குறது துத்தநாகப் பூச்சு, அது 907 டிகிரியிலயே கொதிச்சுடும், இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேணும், அதனால நீங்க வெல்டு வைக்கிறதுக்குள்ள துத்தநாகம் ஆவியாகி வெள்ளைப் புகையா மேல வருது. அதை இழுத்தா சில மணி நேரம் கழிச்சு காய்ச்சல், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். தினமும் பண்ணா உடம்பு பழகிட்ட மாதிரி இருக்கும், லீவு விட்டு வந்த முதல் நாள் திரும்ப அடிக்கும், இதுக்கு திங்கக்கிழமை காய்ச்சல்னே பேரு உண்டு.

வெல்டு வைக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு பூச்சை கிரைண்ட் பண்ணி எடுத்துடுங்க, கிரைண்ட் பண்ணும்போதும் மாஸ்க் வேணும். தலையை புகைக்கு மேல நீட்டாதீங்க, காத்து பக்கவாட்டுல இருந்து போற மாதிரி ஃபேனை வைங்க, முதுகுக்குப் பின்னாடி வெச்சா புகை சுழன்டு மூஞ்சிக்கே வரும். கர்சீப் கட்டுறது பிரயோஜனமே இல்ல, அந்தத் துகள் ஒரு மைக்ரானுக்கும் சின்னது. என் 95 மாஸ்க்கோ அதுக்கும் மேல தரமான ஃபில்டர் மாஸ்க்கோ ஷீல்டுக்குள்ள போடுங்க. ஆனா மூடுன இடத்துல ஆர்கான் மாதிரி கேஸ் தேங்குனா எந்த ஃபில்டர் மாஸ்க்கும் காப்பாத்தாது, ஆர்கான் காத்தை விட கனம், அடியில தங்கி ஆக்சிஜனை வெளிய தள்ளிடும், வாசனையும் இருக்காது.

காய்ச்சல் போனா சரியாயிடுச்சுன்னு மட்டும் நினைக்காதீங்க. 2017-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெல்டிங் புகையை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்கள்ல சேர்த்துடுச்சு, சாதா இரும்பு வெல்டிங்கும் அதுல அடக்கம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புகையில குரோமியம், நிக்கல் வேற. பிரேக் கிளீனர், டிகிரீசர் போட்டுத் துடைச்ச பீஸ்னா லேபிளைப் பாருங்க, அதுல குளோரின் சேர்ந்த சால்வென்ட் இருந்தா ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டு பாஸ்ஜீன்ங்கிற விஷவாயு ஆகலாம், அதுவும் உடனே தெரியாது, மணிக்கணக்கு கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். காய்ச்சலோட மூச்சுத் திணறல் கூடிக்கிட்டே போனா அது துத்தநாகம்னு நீங்களா முடிவு பண்ணாம ஆஸ்பத்திரிக்குப் போங்க, என்ன வெல்டு வெச்சீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: பழைய டீசல் டிரம்மை வெட்டி அடுப்பு ஸ்டாண்டு பண்ணலாம்னு இருக்கேன், தண்ணி ஊத்திக் கழுவி காய வெச்சாச்சு. டீசல்தானே, பெட்ரோல் இல்லையே?

பதில்: வேணாம் சார். கழுவுனாலும் மடிப்புக்குள்ள எண்ணெய் இருக்கும், சாதாரண சூட்டுல டீசல் ஆவி கம்மிதான், ஆனா நீங்க ஆர்க் வைக்கிறீங்களே, அந்தச் சூட்டுல அது ஆவியாகி உள்ள இருக்குற காத்தோட கலந்து டிரம்மே வெடிக்கும், மூடி பறந்து வந்து அடிச்சு செத்தவங்க உண்டு. இதுக்குன்னு ஸ்டீம் வெச்சு சுத்தம் பண்ணி, கேஸ் மீட்டர் வெச்சு டெஸ்ட் பண்றவங்க செய்யட்டும். உங்களுக்குப் புதுத் தகடு போதும். மூடுன பைப்புல வெல்டு வைக்கிறதா இருந்தாலும் முதல்ல ஒரு ஓட்டை போட்டுடுங்க, உள்ள இருக்குற காத்துக்கு வழி வேணும்.

தீப்பொறி 10 மீட்டர் வரைக்கும் ஓடும், சுவர் விரிசல்லயும் பலகை இடுக்குலயும் போய் உக்காந்துக்கும். மரத்தூள், சாக்கு, ஃபோம்ல விழுந்தா தீயா எரியாம உள்ளுக்குள்ளயே கனியும், நீங்க ஷட்டரை இறக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் பத்தும். கடைசி வெல்டு முடிஞ்சு ஒரு மணி நேரம் யாராவது அங்க இருக்கணும், தீயணைப்பானோட. பாலியஸ்டர் சட்டை உருகி தோல்ல ஒட்டும், கெட்டி காட்டன் போடுங்க, காலர் பட்டனை மாட்டுங்க, பேன்ட் நுனியை மடிக்காதீங்க, மடிப்புல பொறி தங்கும். பாக்கெட்ல லைட்டர் வேணவே வேணாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. திரும்ப வெல்டிங்குக்குப் போறேன்னு நிக்கிறாரு. விடலாமா?

பதில்: இதை நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாதும்மா. கேபிளைச் சுத்தி உண்டாகுற காந்தப் புலம் பேஸ்மேக்கரைக் குழப்ப வாய்ப்பிருக்கு, எவ்வளவுங்கிறது என்ன மாடல், எப்படி செட் பண்ணியிருக்காங்க, எத்தனை ஆம்ப்ஸ்ல வேலைங்கிறதைப் பொறுத்தது. அவர் ஓட்டுற மெஷினோட விவரத்தை எழுதி எடுத்துக்கிட்டு இதய டாக்டர்கிட்ட அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, சிலருக்கு ஆம்ப்ஸ் வரம்பு சொல்லி விடுவாங்க, சிலருக்கு கூடவே கூடாதுன்னுடுவாங்க. பதில் வர்ற வரைக்கும் ஆர்க் ஓடுற மெஷின் பக்கத்துலயும் கேபிள் பக்கத்துலயும் அவரை நிக்க விடாதீங்க.