கடைசியாக ஓடுகிறவர் (கடிதம்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

மார்ச் மாதக் கடைசியில் ஹமில்டனில் நடக்கும் 30 கிலோமீற்றர் ‘அரவுண்ட் த பே’ ஓட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். வயது 44. இரண்டு பிள்ளைகள். நவம்பரில் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். நல்ல சனங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லோங் ரன்னில் (நெடுந்தூர ஓட்டத்தில்) எப்போதும் நான்தான் கடைசி. முதல் இரண்டு கிலோமீற்றர் சேர்ந்து ஓடுவோம், பிறகு அவர்களின் முதுகு மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. சந்திகளில் எனக்காக நிற்பார்கள். நடுங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. ஓடி முடித்ததும் எல்லாரும் கோப்பி குடிக்கப் போவார்கள், நான் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கோடையில் ஒரு கிலோமீற்றரை 7 நிமிடத்தில் ஓடினேன். இப்போது 8 நிமிடம் எடுக்கிறது. பயிற்சி செய்யச் செய்யப் பின்னுக்குப் போகிறேனோ? “பேஸ்மென்ற்றில் ட்ரெட்மில் சும்மா கிடக்குது, அதிலே ஓடி வேகம் வந்த பிறகு குழுவுக்குப் போகலாமே” என்கிறார் கணவர். எங்களோடு இருக்கும் அம்மா, இந்தக் குளிர்காற்றை இழுத்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று தினமும் பேசுகிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சப்பாத்துக்கு அடியில் மாட்டும் கம்பி ஆணிகளை வாங்கலாமா என்பதையும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம், மார்க்கம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் யோசனையிலிருந்து தொடங்குகிறேன். ட்ரெட்மில் நல்ல சாமான்தான். உறைமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும் நாளில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ‘வேகம் வந்த பிறகு குழுவுக்குப் போ’ என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோடையில் என்றால் சரி என்றிருப்பேன். ஜூலையில் யாரும் தனியாக ஓடலாம், களைத்தால் ஒரு மரத்தடியில் உட்காரலாம். ஜனவரியில் அப்படி உட்கார முடியாது. உங்களுக்குக் குழு அதிகம் தேவைப்படும் மாதங்களே இவைதான். அவற்றை விட்டுவிட்டு ஏப்ரலில் திரும்பிப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

இந்த 8 நிமிடக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது உங்களை வீணாக அரித்துக்கொண்டிருக்கிறது. பனியில் கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் பாதம் கொஞ்சம் பின்னால் வழுக்குகிறது. முன்னுக்குத் தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துவிடுகிறது. உப்புப் போட்டுக் கூழாகிப்போன பனி இன்னும் மோசம், கடற்கரையில் ஈரமில்லாத மணலில் ஓடுவது போலத்தான். விழுந்துவிடுவோமோ என்று கால் தானாகவே எட்டைச் சுருக்கிக்கொள்ளும். மேலே இரண்டு மூன்று அடுக்கு உடுப்பு வேறு. இத்தனையையும் உங்கள் கைக்கடிகாரம் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குத் தெரிந்தது தூரமும் நேரமும் மட்டும். குளிர்காலத்தில் அதை அங்கியின் கைக்குள்ளே மறைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் போதும்.

30 கிலோமீற்றர் ஓடுவதற்கு வேண்டிய அடித்தளம் ஆறுதலான ஓட்டத்தில்தான் உண்டாகிறது. மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்கக்கூடிய வேகத்தில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் மைற்றோகொண்ட்ரியா கூடுகிறது, கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுகிறது. இவை மாதக்கணக்கில் நடக்கும் வேலைகள். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது சரியாக இதைத்தான், தெரியாமலே செய்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் முதுகு காட்டிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் லோங் ரன்னைத் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறார்கள் என்று பந்தயம் கட்டுவேன். குழுவாக ஓடுவதில் உள்ள நோய் அது. ஒருவர் அரை அடி முன்னால் போவார், மற்றவர் விட்டுக்கொடுக்க மாட்டார், பத்து நிமிடத்தில் ஞாயிறு லோங் ரன் ஒரு போட்டியாகிவிடும். யாரும் போட்டி என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஆறுதலாக ஓடுவதன் பலனுக்கு நீங்கள் பதிந்திருக்கும் ஓட்டத்தின் சரித்திரத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். ‘அரவுண்ட் த பே’ 1894இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனைவிட மூன்று வயது மூத்தது. 1906இல் அதை வென்றவர் ரொம் லோங்போட். ஹமில்டனுக்குக் கிட்ட ‘ஆறு தேசங்கள்’ (சிக்ஸ் நேஷன்ஸ்) என்ற பூர்வகுடி நிலத்தில் பிறந்த, ஒனொண்டாகா இனத்து இளைஞர். அடுத்த வருடம் பொஸ்டனையும் வென்றார். அவரது பயிற்சி முறை அன்றைய பயிற்றுநர்களுக்குப் பிடிக்கவில்லை. கடுமையாக ஓடிய நாளுக்குப் பிறகு இலேசாக ஓடுவார், இன்னொரு நாள் வெறுமனே நெடுந்தூரம் நடந்துவிட்டு வருவார். பத்திரிகைகளும் மேலாளர்களும் சோம்பேறி என்று எழுதினார்கள், பேசினார்கள். பூர்வகுடியினரைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளையர்கள் வைத்திருந்த எண்ணமும் அதற்குள் கலந்திருந்தது. இன்று உலகத்தில் நல்ல பயிற்றுநர் யாரைக் கேட்டாலும் கடின நாள், இலகு நாள் என்று மாறி மாறித்தான் அட்டவணை போட்டுத் தருவார்.

சரி, வெட்கத்துக்கு வருவோம். சந்தியில் அவர்கள் உங்களுக்காக நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் தவறு உங்களுடையதல்ல, குழு ஓடும் விதம் பிழை. குளிர்காலத்தில் சந்தியில் காத்து நிற்பது ஒரு கூடாத பழக்கம். வியர்த்த உடம்பு நின்ற மறுநிமிடமே குளிரத் தொடங்கும். நிற்பவர்களுக்கும் கெடுதல், நீங்கள் போய்ச் சேர்ந்த கையோடு அவர்கள் கிளம்பிவிடுவதால் உங்களுக்கு ஓய்வும் இல்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. இடையில் உள்ள அந்த இரண்டு மூன்று கிலோமீற்றரில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். -15 பாகையில் கணுக்கால் பிரண்டு நடக்க முடியாமல் போனால், ஓடும்போது சூடாக இருந்த அதே உடுப்பு சில நிமிடங்களில் போதாமல் போய்விடும். கைத்தொலைபேசி மின்கலம் குளிரில் திடீரென்று செத்துப்போவதும் உண்டு (அதை வெளிப்பையில் வைக்காதீர்கள், உள் அடுக்கில் உடம்போடு ஒட்டி வையுங்கள்). ஆகவே குளிர்காலத்தில் ஒரு குழு முதலில் பார்க்க வேண்டியது கடைசியாக வருகிறவர் எங்கே என்பதைத்தான். முன்னுக்கு ஓடுகிறவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்.

இதைச் சரிசெய்வது சுலபம். குழுவை நடத்துகிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தூரத்தை வைத்து ஓடாமல் நேரத்தை வைத்து ஓடுவது. எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒரே பாதையில் போவீர்கள், 50 நிமிடம் ஆனதும் அவரவர் நிற்கும் இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். வேகமானவர் 10 கிலோமீற்றர் போயிருப்பார், நீங்கள் ஆறேகால் போயிருப்பீர்கள். திரும்பி வரும்போது அவர்கள் பின்னால், நீங்கள் முன்னால். அவரவர் வேகத்தைக் காப்பாற்றினால் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வீர்கள். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. வரும் வழியில் உங்களுக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். முதல் தடவை அவர்கள் உங்களைத் துரத்திப் பிடிக்கப் படும்பாட்டைப் பாருங்கள், உங்களுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது, போகிற பாதியில் ஒருவர் முறைவைத்துக் கடைசி ஆளோடு ஓடுவது. இது உங்களுக்குச் செய்யும் தயவு என்று நினைக்காதீர்கள். வேகமாக ஓடுகிறவருக்கு அது அவராகத் தனக்குக் கொடுக்காத இலகு நாள்.

ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஓக்லாந்தில் தன் அயலில் இருந்த பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களில் இரண்டு பேர், பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும், ஒரே நாளில் தங்கம் எடுத்தார்கள். 800 மீற்றர்காரரான ஸ்னெல்லையும் ஞாயிறுதோறும் மலைப்பாதையில் 35 கிலோமீற்றர் ஓடவைத்தவர் அவர். (ஓக்லாந்தில் நம்மைப் போலப் பனி விழாது, மழையும் சேறும்தான்.) அவரது தூண்டுதலால் அங்கே நடுவயதுக்காரர்களுக்கும் இதயநோய் கண்டவர்களுக்குமாக ஒரு மெல்லோட்டக் குழு உருவானது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன் 1962 கடைசியில் அங்கே போயிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உலகத்தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கியவர், பிற்பாடு நைக்கி என்று ஆன கம்பனியின் பங்காளி. லிடியார்ட் அவரை அந்தக் குழுவோடு ஓடக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டில் ஏறத் தொடங்கியதும் பவர்மன் மூச்சுத் திணறிப் பின்தங்கிவிட்டார். அப்போது எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு வந்து பிழைத்த ஒரு முதியவர் வேகத்தைக் குறைத்து, அவர் பக்கத்திலேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஊர் திரும்பிய பவர்மன் 1963இல் யூஜின் நகரத்தில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு எல்லாரும் ஓடிப்போயிருந்தால் அவர் எதைக் கற்றுக்கொண்டு போயிருப்பார்?

கோப்பிக்கும் போங்கள். அடுத்த ஞாயிறு எந்தப் பாதை என்று முடிவாவது அந்த மேசையில்தான். அங்கே இல்லாதவரின் வசதியை யாரும் நினைப்பதில்லை, வேண்டுமென்று அல்ல, மறந்துபோய். ஈர மேல்சட்டையை மாற்ற ஒன்று காரில் வைத்திருங்கள், அதை மாற்றாமல் உட்கார வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? குளிர்காற்று அப்படியே நுரையீரலுக்குள் இறங்குவதில்லை. மூக்கும் தொண்டையும் சுவாசக் குழாயும் அதைச் சூடாக்கி ஈரமாக்கித்தான் உள்ளே விடுகின்றன. தடிமன் வருவது கிருமியால். ஆனால் அம்மா சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். குளிர்காற்று மிகவும் வறண்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், சிலசமயம் அது இல்லாதவர்களுக்கும் கூட, சுவாசக் குழாய் சுருங்கி இருமலும் இழுப்பும் வரலாம். ஓடி முடித்த பிறகு உங்களுக்கு நெடுநேரம் இருமல் வருகிறதென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் கழுத்துப் பட்டியை மூக்குவரை இழுத்துவிட்டால் போதும், நீங்கள் விடும் மூச்சின் ஈரமே உள்ளே போகும் காற்றையும் நனைக்கும். அம்மாவுக்கு உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்றைக் காட்டுங்கள், அது காற்றுக்குளிர் எண் (விண்ட் சில், காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்ற கணக்கு). -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்பது கனடியச் சுற்றுச்சூழல் துறையின் எச்சரிக்கை. அந்த நாட்களில் பேஸ்மென்ற்றுக்கு இறங்குங்கள். கணவருக்கும் சந்தோசம்.

உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்கள் செய்யும் வழக்கமான பிழை அளவுக்கு மீறிப் போர்த்துவது. வெளியே இருப்பதைவிடப் 10 பாகை சூடு கூட என்று நினைத்துக்கொண்டு உடுத்துங்கள். முதல் கிலோமீற்றர் குளிர வேண்டும், குளிரவில்லையென்றால் கூட உடுத்திவிட்டீர்கள். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களைக் குளிரவைக்கும். காற்று அடிக்கும் நாளில், ஏரிக்கரைப் பக்கம் போனால் முக்கியமாக, காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு அது முதுகில் தள்ளத் திரும்பி வாருங்கள். மறுபக்கமாகச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள். ஜனவரித் தொடக்கத்தில் ரொறன்ரோவில் சூரியன் வர ஏறக்குறைய 7.50 ஆகும், ஆகவே கிழமை நாட்களில் வேலைக்கு முன் ஓடினால் ஒளி தெறிக்கும் மேலங்கி கட்டாயம்.

கம்பி ஆணிகள். வாங்குங்கள், ஆனால் எப்போதும் மாட்டாதீர்கள். உறைந்து இறுகிய பனிப் பாதைக்கும் ஐஸுக்கும் அவை நல்லவை. உப்புப் போட்டு வெளுத்த வெறும் நடைபாதையில் மாட்டி ஓடினால் பாதம் நோகும், சீமெந்தில் வழுக்கவும் கூடும். உங்கள் பக்கத்து ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் காற்றுக் குறைவு, அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நிழலில் ஐஸ் வாரக்கணக்கில் கிடக்கும், ரொறன்ரோ பூங்காப் பாதைகளில் பலவற்றைக் குளிர்காலத்தில் துப்புரவு செய்வதும் இல்லை, நுழைவிலேயே பலகை போட்டிருப்பார்கள். அங்கே போவதென்றால் ஆணி வேண்டும். புதிதாக விழுந்த மென்பனிக்குத் தேவையில்லை, மேடுபள்ளப் பாதைக்கான கட்டை வைத்த சப்பாத்தே நிலத்தைப் பற்றிப் பிடிக்கும். ‘பே’ ஓட்டத்தில் 20 கிலோமீற்றருக்குப் பிறகு மேடுகள் வருகின்றன, அதற்காகப் பெப்ரவரியில் இரண்டொரு ஞாயிறாவது மேடுள்ள வீதியாகத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். கோப்பி மேசையில்.

அன்புடன்,
அண்ணா