ரெனினும் குறைவு, அல்டோஸ்டீரோனும் குறைவு, பிரஷர் மட்டும் ஏன் 170?

கேள்வி: தம்பிக்கு 24 வயது. பிரஷர் 170/110, பொட்டாசியம் குறைந்து 2.9. உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும் சுரப்புகளான ரெனின், அல்டோஸ்டீரோன் இரண்டும் குறைவு. ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டும் பலனில்லை. அப்பா 41 வயதில் பக்கவாதத்தில் போய்விட்டார். லிடில் நோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். லேப் ஏஜென்ட் ஒருவர் குடும்பத்துக்கே ஜீன் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த ஏஜென்டை அனுப்பிவிடுங்கள், பேக்கேஜ் வேண்டாம்.

சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதிச் செல்களில் உப்பை உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று இருக்கிறது, ஈநாக் என்போம். ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று துண்டு சேர்ந்தது. வேலை முடிந்த வாசலை நெட்4-2 என்ற புரதம் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிடும். லிடில் நோயில் பீட்டா அல்லது காமாவின் அந்த வால் பழுது, பிடிக்க இடமில்லை. வாசல்கள் அப்படியே நிற்கின்றன, உப்பும் தண்ணீரும் உடம்பில் சேர்கின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. ஸ்பைரோனோலாக்டோன் மறிப்பது அல்டோஸ்டீரோனின் உத்தரவை. உத்தரவே இல்லாத இடத்தில் அது எதை மறிக்கும்? அமிலோரைடு என்ற மாத்திரை வாசலுக்குள்ளேயே போய் அடைக்கும், டாக்டரிடம் அதைக் கேளுங்கள். தனி மாத்திரையாகக் கிடைப்பது கஷ்டம், வேறு மருந்தோடு கலந்ததைத்தான் கடையில் நீட்டுவார்கள். இவ்வளவு பழைய, மலிவான மருந்துக்கு நோயாளி அலைய வேண்டியிருப்பது எனக்கு ஆறாத கோபம். உப்பைக் குறைக்காவிட்டால் அதுவும் சரியாக வேலை செய்யாது.

உப்பைக் குறைக்கிறேன் என்று 'லோ சோடியம்' உப்பு பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம். அமிலோரைடோடு சேர்ந்தால் இதயமே நின்றுபோகலாம். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே பொட்டாசியமும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: தம்பி அதிமதுரம் சாப்பிடுகிறாரா? சளிக்குச் சூரணம், தொண்டைக்கு மிட்டாய், வயிற்றுப்புண்ணுக்குக் கஷாயம், எந்த உருவத்திலும் இருக்கலாம். நாள்கணக்காகச் சாப்பிட்டால் அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள், கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை முடக்கும், அப்புறம் கார்டிசோலே அல்டோஸ்டீரோன் வேஷம் போட்டு வாசலைத் திறக்கும். ரத்த ரிப்போர்ட் அச்சு அசல் லிடில் மாதிரியே வரும். ஆனால் அங்கே ஸ்பைரோனோலாக்டோன் கேட்கும், தம்பிக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் 'மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா' என்றால் இல்லை என்றுதான் சொல்வார், கஷாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டு அலமாரியைத் திறந்து நீங்களே பாருங்கள்.

ஜீன் டெஸ்ட் வேண்டுமென்றால் தம்பிக்கு மட்டும், டாக்டர் எழுதிக்கொடுத்து, பீட்டா, காமா துண்டுகளுக்கான ஜீன்களான எஸ்சிஎன்என்1பி, எஸ்சிஎன்என்1ஜி இரண்டையும் பார்த்தால் போதும். பழுது தெரிந்தால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கலாம், செலவு குறைவு. இது பாதிக்குப் பாதி வாய்ப்போடு பிள்ளைகளுக்கு இறங்கும் நோய், ஆகவே நீங்களும் இந்த வாரமே பிரஷரும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள்.