அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய்: எனக்கும் வந்தே தீருமா?

கேள்வி: எனக்கு வயது 34. வங்கியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. அப்பாவுக்கு 45 வயதிலும் அம்மாவுக்கு 50 வயதிலும் சர்க்கரை நோய் வந்தது. சென்ற மாதப் பரிசோதனையில் எனக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 5.9 விழுக்காடு என்று வந்தது. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. "பரம்பரையில் இருக்கிறது, எப்படியும் வரத்தான் போகிறது" என்கிறார்கள் வீட்டில். காலையில் இட்லியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். இது போதுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்போம். இரண்டாம் வகை நீரிழிவை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. சிறிது சிறிதாகப் பங்களிக்கும் மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆகவே உங்களுக்குப் பெற்றோர் வழி வந்திருப்பது பெரும்பாலும், வயிற்றில் கொழுப்பு சேரும்போது இன்சுலினைச் சுரக்க முடியாமல் மற்றவர்களைவிடச் சீக்கிரமே திணறிப்போகிற ஒரு கணையம்தான். அதோடு அவர்களுடைய சமையலறையும் உங்களுக்கு வந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் சீராக்கிக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. உங்கள் வீட்டார் சொல்வதுபோல் "எப்படியும் வரும்" என்பதை இந்த எண்கள் பொய்யாக்குகின்றன. ஒழுங்காக இருந்தால் வரவே வராது என்று நான் உறுதி சொல்வதற்கும் அவை இடம் தரவில்லை.

இனி கஞ்சிக்கு வருவோம். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு என்பது சரி. ஆனால் அதை நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, மெல்லாமல் குடிக்கும்போது அதன் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறிவிடுகிறது; இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரும் அதைவிட மோசமில்லை. என் கவலையெல்லாம் உங்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டு, பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். பொரியலும் கூட்டும் தட்டில் பாதி இடத்தைப் பிடிக்கட்டும்; சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று கால் பங்கு இருக்கட்டும்; இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, எஞ்சிய கால் பங்குச் சோற்றை ஒரே முறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சிறுதானியச் சோற்றுக்கும் இதே அளவுதான்.

இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. பேன்ட் அளவை நம்ப வேண்டாம், தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் அது பல ஆண்டுகள் மாறாமலே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் நாடாவை வைத்து அளக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி சற்றுக் கூடுதலாகக் காட்டும். எனவே வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை போதும். இவ்வளவும் செய்தும் ஒருநாள் ஹெச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டால், இன்னும் கொஞ்சம் பத்தியம் இருந்து பார்க்கலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.