1979-இல் வந்த மோட்பஸை மகள் இப்போது படிப்பானேன்?

அம்மா, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த உங்கள் மகள் மோட்பஸ் பயிற்சிக்குப் போகிறேன் என்று நிற்பதைக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். தொழிற்சாலைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் விதிமுறைதான் மோட்பஸ். அது பழசு என்பது உண்மை. ஆனாலும் சேரட்டும் என்றுதான் சொல்வேன்.

தொழிற்சாலையில் ஒரு மின் மீட்டரையோ மோட்டார் டிரைவையோ மாட்டினால் பல வருஷம் அங்கேயே ஓடும். அவற்றில் நிறையக் கருவிகளுக்கு ஆர்எஸ்-485 என்ற, ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட் மட்டும்தான் உண்டு. மேலிருந்து கண்காணிக்கும் கம்ப்யூட்டரோ ஈதர்நெட்டில் இருக்கும். இரண்டையும் பேசவைக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

ஈதர்நெட் வழியே போகும் வடிவமான மோட்பஸ் டிசிபியில் கட்டளை பழையதேதான். முன்னால் 7 பைட் தலைப்பு சேரும், பின்னாலிருந்த, பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி பைட்டுகள் போய்விடும். ஆனால் சீரியலையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் கருவிகளான கேட்வேக்களில் சில, சீரியல் பைட்டுகளை சிஆர்சியோடு அப்படியே டிசிபிக்குள் போட்டு அனுப்பும். அப்போது பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், மோட்பஸுக்கான 502 போர்ட் திறந்திருக்கும், ரீடிங் மட்டும் வராது. கருவியின் அடையாள எண்ணான யூனிட் ஐடி மாறியிருந்தாலும், மீட்டர் 9600 பாட் ரேட்டிலும் (தகவல் அனுப்பும் வேகம்) கேட்வே 19200-லும் இருந்தாலும் இதே கதைதான்.

இதைவிட மோசமானது, தவறான எண் சரியானதுபோல வருவது. கையேட்டில் 40001 என்றிருக்கும் ரெஜிஸ்டர், அதாவது கருவி ஓர் அளவைச் சேமிக்கும் இடம், கம்பியில் 0 என்று போகும். கையேடு 1-இலிருந்தும் கம்பி 0-இலிருந்தும் எண்ணும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் பக்கத்து ரெஜிஸ்டரின் அளவு திரையில் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் மீட்டரின் முகப்பில் தெரியும் எண்ணோடு திரையை ஒப்பிடும் பழக்கம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மோட்பஸ் மட்டும் தெரிந்தால் போதாது என்பதையும் மறைக்க மாட்டேன். இயந்திரங்களை இயக்கும் கம்ப்யூட்டரான பிஎல்சியின் நிரலும், ஐபி முகவரி, சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), ஃபயர்வால் பற்றிய தெளிவும் கூடவே வேண்டும். வழக்கமான மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்டே கிடையாது. நெட்வொர்க்குக்குள் நுழைந்த எவரும் மோட்டாரை நிறுத்தும் கட்டளையை அனுப்பிவிட முடியும். பாதுகாப்பும் படித்தவளானால் அவள் கேட்கும் சம்பளத்துக்கு வலு சேரும்.

பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தின் லேபை மகளோடு போய்ப் பாருங்கள். நிஜமான மீட்டரும் கேட்வேயும் மாணவர் கையில் கொடுக்கிறார்களா, வேண்டுமென்றே பழுதாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா, நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பைட்டுகளைப் படிக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். படக்காட்சி மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள். அதுவரை இலவச சிமுலேட்டர் ஒன்றை வைத்து வீட்டிலேயே அவள் தொடங்கிவிடலாம்.